கண் பொறுக்கும் மங்கல்

லென்ஸ் எவ்வளவு விலை உயர்ந்ததானாலும், ஒரு நேரத்தில் அதனால் ஒரே ஒரு தளத்தைத்தான் துல்லியமாகக் காட்ட முடியும். இரண்டு மீட்டரில் ஃபோகஸ் வைத்தால், கேமராவுக்கு நேர் எதிரே இரண்டு மீட்டர் தள்ளி நிற்கும், தடிமனே இல்லாத ஒரு தளம் அது. அதிலுள்ள புள்ளி சென்சாரிலும் புள்ளியாகவே விழும். அதற்கு ஒரு விரற்கடை முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் சிறு வட்டமாகப் பரவிவிடும். தளத்தை விட்டு விலக விலக வட்டம் பெருக்கும். எந்த இடத்திலும் கோடு என்று ஒன்று இல்லை. கண்ணிமை கூர்மையாகவும் காதுமடல் சற்றே இளகியும் பின்கொண்டை கரைந்தும் தெரியும் ஒரு முகப்படத்தில், கரைதல் எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னால் ஆளுக்கொரு இடத்தைக் காட்டுவார்கள். புல ஆழம் என்று பாடநூலும், வெறுமனே ‘டெப்த்’ என்று கேமராக்காரர்களும் சொல்வது, காட்ட முடியாத இந்தக் கோட்டுக்கு உடன்பாட்டின் பேரில் போட்டுக்கொண்ட ஓர் அளவு. எவ்வளவு மங்கல் வரை கண் அதை மங்கல் என்று கொள்ளாமல் விட்டுவிடும் என்பதுதான் அதன் அஸ்திவாரம். அபர்ச்சரையும் தொலைவையும் குவியத் தூரத்தையும் மாற்றி இந்த ஆழத்தை ஆளக் கற்பது அப்படியொன்றும் கடினமில்லை. கற்ற பிறகும் ஒரு சங்கடம் மட்டும் மிஞ்சுகிறது. படத்தில் யார் தெரியலாம், யார் கரைந்து போகலாம் என்பதை ஒரு வளையத்தைத் திருப்பி முடிவுசெய்யும் அதிகாரம், இப்படி ஒரு வழுக்கலான உடன்பாட்டின் மேல்தான் நிற்கிறது.

அந்த உடன்பாட்டின் எண் 0.03 மி.மீ. அகலம் 36, உயரம் 24 மி.மீ. உள்ள முழுச்சட்ட சென்சாரில், முன்பு 35 மி.மீ. ஃபிலிமில் இருந்ததைப் போலவே, புள்ளி ஒன்று இந்த விட்டத்துக்குள் பரவியிருந்தால் அதைப் புள்ளி என்றே எடுத்துக்கொள்கிறார்கள். எண் வந்த வழி வேடிக்கையானது. நல்ல பார்வையுள்ள ஒருவர் கையில் 25 செ.மீ. தள்ளிப் பிடித்துப் பார்க்கும் அச்சில் 0.2 மி.மீ.க்கு உட்பட்ட வட்டத்தைப் புள்ளியிலிருந்து பிரித்தறிய மாட்டார் என்று கொள்கிறார்கள். 10க்கு 8 அங்குல அச்சுப் போட ஃபிலிமை ஏழெட்டு மடங்கு பெரிதாக்க வேண்டும் என்றும் கொள்கிறார்கள். பிறகு வகுத்துப் பின்னால் வந்தால் ஏறத்தாழ 0.03 கிடைக்கிறது. ஆக, ஆழத்தைச் சொல்லும் எல்லா அட்டவணைகளுக்குள்ளும், குறிப்பிட்ட அளவுள்ள ஒரு தாளைக் குறிப்பிட்ட தூரத்தில் பிடித்தபடி ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார். அவர் எழுந்து போய்விட்டால் கணக்கு ஆடிவிடும். 24 மெகாபிக்சல் முழுச்சட்ட சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் 0.006 மி.மீ. அட்டவணை ‘தெளிவு’ என்று சான்றளிக்கும் வட்டம் அதில் ஐந்து பிக்சல் அகலத்துக்குப் படர்ந்திருக்கும். கணினியில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்ப்பவருக்கு அது வெளிப்படையான மங்கல். அதே படம் கைபேசித் திரையில் முன்வரிசை முதல் பின்வரிசை வரை பளிச்சென்றிருக்கும். சாலையோர ஃப்ளெக்ஸில் பல அடி உயரத்துக்கு ஏற்றினாலும், எதிர்ச்சாரியிலிருந்து பார்க்கிறவருக்கு மறுபடியும் தெளிவாகிவிடும். படம் எடுத்து முடித்த பிறகும் அதன் ஆழம் கூடிக் குறைந்துகொண்டேயிருக்கிறது என்பதைப் பயிற்சி நூல்கள் பெரும்பாலும் அடிக்குறிப்புக்குத் தள்ளிவிடுகின்றன. முதல் பக்கத்தில் இருக்க வேண்டியது அது.

ஆழத்தைக் கையாளும் கருவிகளில் முதலாவது அபர்ச்சர், அதாவது லென்ஸுக்குள் இதழ்கள் விரிந்தும் குவிந்தும் உண்டாக்கும் துளை. குவியத் தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவது எஃப் எண். 50 மி.மீ. லென்ஸில் எஃப் 2 என்றால் துளை 25 மி.மீ. எஃப் 16 என்றால் 3 மி.மீ.க்குச் சற்று மேல். எண் பெரிதானால் துளை சிறிதாவது புதிதாகப் பழகுகிறவர்களை ஏன் குழப்புகிறது என்பதற்கு இந்த வகுத்தலே பதில். 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று போகும் வரிசையில் ஒவ்வொரு படிக்கும் விட்டம் ஏறக்குறைய 0.7 மடங்காகக் குறுகி, பரப்பு பாதியாகிறது, ஒளியும் பாதியாகிறது. துளை சிறுத்தால் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வரும் ஒளிக்கூம்பு ஒல்லியாகிறது; ஒல்லியான கூம்பைத் தளத்துக்குச் சற்று முன்னோ பின்னோ வெட்டினாலும் வெட்டுமுகம் சிறிய வட்டமாகவே இருக்கிறது. இதற்குமேல் இதில் மர்மம் ஏதுமில்லை. 85 மி.மீ. லென்ஸில் இரண்டு மீட்டர் தொலைவில் இருக்கும் முகத்தை எஃப் 1.8இல் எடுத்தால் கிடைக்கும் ஆழம் சுமார் 6 செ.மீ. மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே அதைவிட அதிகத் தூரம் உண்டு. எஃப் 8க்குப் போனால் அது 25 செ.மீ. ஆகும், தலை முழுதும் அதற்குள் அடங்கும். கேமராவை அபர்ச்சர் முன்னுரிமை நிலையில் வைத்து, ஒரே காட்சியை 1.8 தொடங்கி 16 வரை படிப்படியாக எடுத்து அடுக்கிப் பார்ப்பதைவிட நல்ல பாடம் இல்லை.

இரண்டாவது கருவி தொலைவு. பாதித் தூரத்துக்கு நெருங்கினால் ஆழம் ஏறக்குறைய கால்வாசியாகிவிடும். பொருளும் அதன் பிம்பமும் ஒரே அளவாகும்படி நெருங்கி எறும்பையோ மூக்குத்திக் கல்லையோ எடுக்கும்போது, எஃப் 8இல்கூட ஒரு மில்லிமீட்டர் ஆழம்தான் மிஞ்சும். மூன்றாவதாகச் சொல்லப்படும் குவியத் தூரத்தில்தான் அரை உண்மை ஒன்று நெடுங்காலமாகப் புழங்குகிறது. டெலி லென்ஸ் ஆழத்தைக் குறைக்கும் என்பார்கள். நின்ற இடத்தில் நின்றபடி லென்ஸை மட்டும் மாற்றினால் அது சரி. ஆனால் முகத்தைச் சட்டத்துக்குள் அதே அளவில் வைத்துக்கொள்ள, 50 மி.மீ. லென்ஸோடு இரண்டு மீட்டரில் நின்றவர் 100 மி.மீ. லென்ஸோடு நான்கு மீட்டருக்குப் பின்வாங்குவார். எஃப் 2.8இல் கணக்குப் போட்டால் இரண்டிலும் ஆழம் 26 செ.மீ.தான். மாறுவது தூரப் பின்னணி. அங்கேயுள்ள ஒரு விளக்கு இரண்டாவது படத்தில் இரு மடங்கு பெரிய வட்டமாக விரியும். இந்த வட்டத்துக்கு ஓர் அழகான கணக்கு உண்டு. வெகு தொலைவிலுள்ள ஒளிப்புள்ளி, ஃபோகஸில் இருக்கும் முகத்தோடு ஒப்பிடுகையில், லென்ஸின் துளை எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய வட்டமாகப் படத்தில் தெரியும். 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.4இல் திறந்தால் துளை சுமார் 60 மி.மீ.; அதாவது மணப்பெண்ணின் பின்னால் தொங்கும் சீரியல் விளக்குகள் ஒவ்வொன்றும், அவள் முகத்தருகே பிடித்த ‘ரெண்டு ஆறு’ அளவு வளையலின் உட்சுற்று அளவுக்கு விரியும். கேமராவோடு வரும் 18–55 லென்ஸில் பின்னணி கரையவில்லை என்று அலுத்துக்கொள்பவருக்கும் விடை இதிலேயே இருக்கிறது. 55 மி.மீ.யில் அதன் துளை எஃப் 5.6க்கு மேல் திறக்காது. விட்டம் 10 மி.மீ.கூட வராது. விலை குறைந்த 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸின் துளையோ 28 மி.மீ.

துளையை மூடுவதற்கு ஒளியில் விலை கொடுக்க வேண்டும். எஃப் 2.8இல் நொடியின் 250இல் ஒரு பங்கு போதும் என்றிருந்த வெளிச்சத்தில் எஃப் 16க்குப் போனால் 8இல் ஒரு பங்கு தேவைப்படும். பின்னணி தெளிவடையும், ஆனால் கையாட்டத்திலோ எதிரில் இருப்பவரின் அசைவிலோ முகமே கலைந்துபோகலாம். ஒளியுணர்திறன் எண்ணான ஐஎஸ்ஓவைக் கூட்டினால் இரைச்சல் புள்ளிகள் ஏறும். ஒரு மங்கலைத் துரத்தினால் இன்னொன்று வாசலில் வந்து நிற்கிறது. எதிர்முனையிலும் இதே இழுபறிதான். ஸ்டான்லி கூப்ரிக் 1975இல் வெளிவந்த ‘பாரி லிண்டன்’ படத்தில் மெழுகுவர்த்தி ஒளியிலேயே காட்சிகளை எடுக்க, நாசாவுக்காக ஸைஸ் நிறுவனம் செய்திருந்த 50 மி.மீ. எஃப் 0.7 லென்ஸைப் பயன்படுத்தினார். ஒளி போதுமானதாக இருந்தது, ஆழம் போதவில்லை. நடிகர்கள் முன்னும் பின்னும் அசையாமல் அமர வேண்டியிருந்தது. ஃபோகஸைப் பார்த்துக்கொண்டவர், பக்கவாட்டில் ஒரு வீடியோ கேமராவை வைத்து அவர்களின் அசைவை அளந்துகொண்டே வளையத்தைத் திருப்பினார். அந்தப் படத்தின் மெழுகுவர்த்திக் காட்சிகளில் தெரியும் ஓவியத்தனமான நிதானத்தில் ஒரு பங்காவது இந்தக் கட்டாயத்தால் வந்திருக்க வேண்டும்.

துளையை மூடிக்கொண்டே போனால் எல்லாம் தெளிவாகிவிடும் என்ற நம்பிக்கையையும் இயற்பியல் ஓரிடத்தில் நிறுத்திவிடுகிறது. சிறு துளையின் ஓரங்களில் ஒளி வளைந்து பரவுகிறது. பள்ளிப் பாடத்தில் விளிம்பு விளைவு என்று படிப்பது இதைத்தான். இதனால் ஃபோகஸில் உள்ள புள்ளிகூட ஒரு குட்டி வட்டமாகிறது. பச்சை ஒளிக்கு எஃப் 11இல் அதன் விட்டம் 0.015 மி.மீ., எஃப் 22இல் 0.03 மி.மீ. உடன்பாட்டு எண்ணை எட்டியாயிற்று. அதாவது எஃப் 22இல் முன்னும் பின்னும் உள்ளவை கூர்மை பெறுவதோடு, கூர்மையாக இருந்த நடுவும் சற்று இறங்கி வந்து அவற்றோடு சேர்ந்துகொள்கிறது. முழுச்சட்ட கேமராவில் பெரும்பாலோர் எஃப் 8க்கும் 11க்கும் இடையில் நின்றுவிடுவதற்கு இதுவே காரணம்.

அந்த நடு எண்களை வைத்துக்கொண்டு கூடுதலான ஆழத்தைக் கறக்க வழி ஹைப்பர்ஃபோக்கல் தூரம். குவியத் தூரத்தைத் தன்னாலேயே பெருக்கி, எஃப் எண்ணையும் 0.03ஐயும் பெருக்கி வந்ததால் வகுக்க வேண்டும். 50 மி.மீ., எஃப் 8க்கு 10.4 மீட்டர் வரும். அங்கே ஃபோகஸ் வைத்தால் அதில் பாதியிலிருந்து, அதாவது 5.2 மீட்டரிலிருந்து, முடிவிலி வரை எல்லாம் உடன்பாட்டுத் தெளிவுக்குள் வந்துவிடும். 28 மி.மீ. லென்ஸில் 3.3 மீட்டரில் வைத்தால் 1.6 மீட்டரிலிருந்தே வரும். தெருவில் படம் எடுத்த பழைய கைகள், லென்ஸைக் கண்ணருகே கொண்டுபோகும் முன்பே இப்படி வளையத்தைத் திருப்பி வைத்துவிட்டு நடந்தார்கள். பழைய லென்ஸ்களின் கழுத்தில் நடுக்கோட்டுக்கு இருபுறமும் 4, 8, 16 என்று பொறித்த கோடுகள் இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்துவிடும். இன்றைய ஜூம் லென்ஸ்கள் பெரும்பாலானவற்றில் அந்தக் கோடுகள் இல்லை. அவற்றோடு, படம் எடுக்கும் முன்பே ஆழத்தைக் கண்ணால் அளந்துகொள்ளும் பழக்கமும் போயிற்று. ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு முன்னாலும் இரண்டு பங்கு பின்னாலும் விழும் என்ற வாய்ப்பாடு மட்டும் இன்னும் உயிரோடிருக்கிறது. ஹைப்பர்ஃபோக்கல் தூரத்தில் மூன்றில் ஒரு பங்குத் தொலைவில் ஃபோகஸ் வைக்கும்போது மட்டுமே அது உண்மை. மிக நெருங்கினால் இருபுறமும் ஏறக்குறைய சமம். தள்ளிப் போகப் போகப் பின்பக்கம் நீண்டு முடிவிலியைத் தொட்டுவிடும்.

கணக்கு சரியாக இருந்தும் படம் தவறுவது பெரும்பாலும் ஃபோகஸ் வைக்கும் இடத்தில்தான். நடுப்புள்ளியில் கண்ணைப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, பிறகு கேமராவைச் சற்றே திருப்பிச் சட்டத்தைச் சரிசெய்வது பலரின் வழக்கம். இரண்டு மீட்டரில் பத்து டிகிரி திருப்பினாலே ஃபோகஸ் தளம் முகத்துக்கு 3 செ.மீ. பின்னால் போய்விடும். 85 மி.மீ., எஃப் 1.8இல் இருந்த ஆழமே மொத்தம் 6 செ.மீ.; ஒரு பக்கத்துக்கு 3. கையிருப்பு முழுதும் அந்தத் திருப்பலிலேயே தீர்ந்தது. கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் இன்றைய ஆட்டோஃபோகஸ் இந்தத் தொல்லையைக் குறைத்திருக்கிறது. ஆனால் சட்டத்துக்குள் இரண்டு பேர் இருந்தால், ஒருவர் அரையடி பின்னால் நின்றால், யாருடைய கண் என்ற கேள்வியை அதுவும் தீர்ப்பதில்லை. கிட்ட இருக்கும் முகத்தை எடுத்துக்கொள்ளும், அல்லது பெரிதாகத் தெரியும் முகத்தை. குடும்பப் படங்களில் பின்வரிசையில் நிற்பவர்கள் யார் என்பதைச் சற்று யோசித்தால் இது வெறும் கேமராப் பிரச்சினையாகத் தோன்றாது.

யாரைக் கரைக்கலாம் என்பதற்குக் கொள்கை வகுக்க முயன்றவர்களில் முக்கியமானவர் பீட்டர் ஹென்றி எமர்சன். இங்கிலாந்தின் நார்ஃபோக் நீர்நிலைகளையும் அங்கே நாணல் அறுப்பவர்களையும் எடுத்த மருத்துவர் அவர். மனிதக் கண் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தெளிவாகப் பார்க்கிறது, ஆகவே படமும் முக்கியமானதை மட்டும் கூர்மையாக வைத்து மற்றதை இளக்க வேண்டும் என்று 1889இல் வெளியான தன் நூலில் வாதிட்டார். அதற்கு ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸின் கண்ணியலைத் துணைக்கு அழைத்தார். இரண்டாண்டுக்குள் புகைப்படம் கலையே அல்ல என்று கறுப்புக் கரையிட்ட துண்டறிக்கை போட்டுப் பின்வாங்கியது தனிக்கதை. கண்ணைப் பற்றிய அவருடைய வாதம் பாதிவரைதான் நிற்கிறது. விழித்திரையின் மையத்தில் சுமார் இரண்டு டிகிரி மட்டுமே கூர்மை என்பது சரி. ஆனால் கண் ஓயாமல் தாவுகிறது. தாவிய இடமெல்லாம் தெளிகிறது. பின்னால் நிற்பவரைப் பார்க்க நினைத்தால் பார்த்துவிடலாம். படத்தில் கரைந்தவரை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் மீட்க முடியாது. கண் பார்ப்பதைப் போலவே எடுப்பதாகச் சொல்லிக்கொண்டு, பார்ப்பவரின் கண்ணுக்கு இருந்த சுதந்திரத்தை எடுத்துக்கொள்வதுதான் இங்கே நடக்கிறது.

கொள்கை ஏதும் பேசாமலே மங்கலைக் கையில் எடுத்தவர் ஜூலியா மார்கரெட் கேமரன். கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில், 1863இல், மகள் பரிசளித்த கேமராவில் தொடங்கியவர். கண்ணாடித் தட்டில் முகம் ஏறக்குறைய நிஜ அளவுக்கு வரும்படி நெருங்கினார். அந்த நெருக்கத்தில் ஆழம் என்று எதுவும் மிஞ்சாது. நிமிடக்கணக்கில் நீண்ட வெளிச்சப்பதிவில் அமர்ந்தவர்கள் அசையவும் செய்தார்கள். வளையத்தைத் திருப்பும்போது எந்த இடத்தில் பிம்பம் அழகாகத் தோன்றியதோ அங்கேயே நிறுத்திவிட்டதாக அவரே எழுதியிருக்கிறார். ஃபோகஸ் பிடிக்கத் தெரியாதவர் என்று அன்றைய புகைப்பட இதழ்கள் ஏளனம் செய்தன. அவர் எடுத்த வானியலாளர் ஹெர்ஷல், கவிஞர் டென்னிசன், எழுத்தாளர் கார்லைல் எல்லோரும் அந்த மங்கலுக்குள்ளிருந்துதான் இன்றும் பார்க்கிறார்கள். மங்கல் அவர்களைக் குறைக்கவில்லை. 1875இல் அவர் இலங்கைக்குக் குடிபெயர்ந்து, 1879இல் அங்கேயே இறந்தார். அங்கு எடுத்தவற்றில் எஞ்சியவை கொஞ்சம்தான். அவற்றுள் 1878ஆம் ஆண்டுப் படம் ஒன்றின் தலைப்பு, களுத்துறைக் குடியானவர்கள் என்பதோடு முடிந்துவிடுகிறது. முகங்கள் தெரிகின்றன, பெயர்கள் இல்லை. ஒருவரைப் படத்திலிருந்து அகற்ற அபர்ச்சரைவிட வலுவான கருவிகள் உண்டு என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டியிருக்கிறது.

எதிர்த்தரப்பு 1932இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு கண்காட்சியோடு அணிதிரண்டது. ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன், இமோஜன் கன்னிங்ஹாம் முதலானோர் தங்கள் குழுவுக்கு எஃப் 64 என்றே பெயர் வைத்தார்கள். அந்த எண் வீராவேசமாகத் தோன்றினாலும், அது 8க்கு 10 அங்குலத் தட்டுக் கேமராவுக்கு உரியது. 300 மி.மீ. லென்ஸில் எஃப் 64 என்றால் துளை 5 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. 35 மி.மீ. கேமராவில் அதே காட்சிக்கு அதே ஆழம் வேண்டுமானால் எஃப் 8, 9 போதும். எல்லாவற்றையும் சமமாகக் காட்டும் நேர்மை என்று இவர்களைப் பற்றிச் சொல்வதுண்டு. வெஸ்டனின் புகழ்பெற்ற 30ஆம் எண் குடைமிளகாய் படத்தில் மிளகாய் ஒரு தகரப் புனலுக்குள் வைக்கப்பட்டிருக்கிறது. கரைக்க வேண்டிய பின்னணியே அங்கே இல்லை. கூர்மையின் கட்சிக்காரர்களும் விலக்கத்தான் செய்தார்கள். அதை ஷட்டரை அழுத்தும் முன்பே செய்து முடித்தார்கள்.

சினிமாவில் இந்த விவாதம் 1941இல் வெளிவந்த ‘சிட்டிசன் கேன்’ படத்தைச் சுற்றி வந்தது. ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்ட் அகலக் கோண லென்ஸ், வேகமான ஃபிலிம், வலுவான விளக்குகள் ஆகியவற்றின் பலத்தில் துளையை நன்றாக மூடி, முன்னால் இருக்கும் முகத்தையும் பின்சுவர்க் கதவையும் ஒரே தெளிவில் நிறுத்தினார். பார்வையாளர் தான் பார்க்க வேண்டியதைத் தானே தேர்ந்துகொள்ளும் சுதந்திரம் இதில் இருப்பதாக விமர்சகர் ஆந்த்ரே பசான் எழுதினார். அவர் விரிவாகப் பேசிய காட்சிகளில் ஒன்று கேனின் மனைவி சூசன் நஞ்சருந்தும் காட்சி: முன்னால் பெரிதாகக் கண்ணாடிக் குவளை, நடுவில் நிழலில் அவள், தூரத்தில் உடைபடும் கதவு. எந்த அபர்ச்சராலும் எட்ட முடியாத ஆழம் அது. முன்பகுதியையும் பின்பகுதியையும் தனித்தனியாக ஃபோகஸ் வைத்து ஒரே ஃபிலிமில் இரண்டு முறை பதிவுசெய்திருந்தார்கள். பார்வையாளருக்குக் கிடைத்த சுதந்திரம் ஒட்டுப்போட்டுத் தயாரானது. அதனால் பசானின் வாதம் விழுந்துவிட்டதா என்பது எளிதில் தீராத கேள்வி. கண்ணுக்கு உலாவ இடம் கிடைத்தது நிஜம்தானே.

ஒட்டுப்போடுவது இப்போது சட்டைப்பைக்கு வந்துவிட்டது. கைபேசிக் கேமராவின் உண்மையான துளை சில மில்லிமீட்டர்தான். அதற்கு இயல்பாகவே ஆழம் அதிகம். 2016இல் ஐஃபோன் 7 பிளஸ் இரண்டு லென்ஸ்களின் பார்வை வேறுபாட்டிலிருந்தும், 2017இல் கூகுள் பிக்சல் 2 ஒரே லென்ஸின் இரு பாதிகளுக்கிடையிலான வேறுபாட்டிலிருந்தும் தொலைவை ஊகித்து, பின்னணியைக் கணக்கால் மங்கலாக்கின. 2018 முதல் ஐஃபோனில் படம் எடுத்த பிறகும் ஒரு கோட்டை நகர்த்தி எஃப் 1.4 முதல் 16 வரை மாற்றலாம். அந்த எண்கள் அந்தக் கைபேசியில் இல்லாத ஒரு லென்ஸுக்கு உரியவை. லென்ஸின் மங்கல் தொலைவைத் தவிர எதையும் அறியாது. கணக்கின் மங்கலோ இது மனித உருவம், இது பின்னணி என்று வகைபிரித்த பிறகு விழுவது. மூக்குக்கண்ணாடியின் விளிம்பும் பறக்கும் மயிரிழையும் கொண்டையிலிருந்து துருத்தும் மல்லிகை மொட்டும் எந்த வகை என்று அது தடுமாறும்போது பாதி அரிந்து போயிருக்கும். இன்னொரு வேறுபாடும் உண்டு. லென்ஸ் கரைத்தது கரைந்ததுதான். இங்கே முழுத்தெளிவுப் பிம்பமும் தொலைவு வரைபடமும் கோப்புக்குள்ளேயே கிடக்கின்றன. போர்ட்ரெய்ட் விளைவை அணைத்தால் பின்னால் நிற்பவர்கள் திரும்ப வந்துவிடுவார்கள். ஆனால் அது எடுத்தவரின் கைபேசியில் மட்டும்தான். வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் அனுப்பும்போது அந்த அடுக்குகள் கழன்று, அனுப்பியவர் கடைசியாக வைத்த எண்ணுக்குரிய மங்கலோடு ஒற்றைப் படமாகத்தான் அது போய்ச் சேர்கிறது.